அல்ஹதூர் முதுகில் ஒட்டியிருந்த 3

நேற்று மறுபடியும் அந்த வீடியோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'கோல்கீப்பரே இல்லாமல் ஆடிய டீம்' என்று எழுதி, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆப்பிரிக்கக் கோப்பையில் கேமரூனோடு கொமொரோஸ் ஆடிய அந்த ஆட்டத்தை நள்ளிரவு தாண்டி உட்கார்ந்து நேரலையில் பார்த்தவன் நான்.

மொசாம்பிக்குக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே கடலில் இருக்கிற மூன்று தீவுகள்தான் கொமொரோஸ். மக்கள்தொகை பத்து லட்சத்தைக்கூடத் தொடாது. ஃபிஃபாவில் சேர்ந்ததே 2005-இல்தான். 2014-இல் பயிற்சியாளராக வந்த அமீர் அப்து, பிரான்ஸின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த கொமொரோஸ் வம்சாவளிப் பையன்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். 'அது பிரெஞ்சு டீம்தானே' என்று சிலர் சொல்வார்கள். 1975 வரை பிரான்ஸ் ஆண்ட நாடு அது. ஜனங்கள் பிழைக்கப் போனதும் பிரான்ஸின் மார்செய் நகரத்துக்குத்தான். அங்கே பிறந்த பிள்ளை தாத்தா ஊருக்காக ஆடுவதில் என்ன குறை?

அப்படிச் சேர்த்த அணிதான் முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்கு வந்தது. கேபோனிடம் தோல்வி, மொராக்கோவிடம் தோல்வி. அப்புறம், நான்கு முறை கோப்பை வென்ற கானாவை 3-2 என்று வீழ்த்தி நாக் அவுட்டுக்கு வந்துவிட்டது. ஃபிஃபா தரவரிசையில் அப்போது 132-வது இடம்!

ஆனால் அந்த வெற்றியிலேயே கோல்கீப்பர் சலீம் பென் போய்னா தோளில் அடிபட்டு வெளியேறினார். மற்ற இரண்டு கீப்பர்களுக்கும் கொரோனா. அவர்களில் அலி அகமாதாவுக்கு ஆட்டத்தன்று எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. தனிமைப்படுத்தல் விதியைக் காட்டி அவரையும் இறக்க விடவில்லை. பதினோரு பேர் இருந்தால் போதும், கீப்பர் இல்லாவிட்டால் வேறு யாராவது நிற்கட்டும் என்பது ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி.

2022 ஜனவரி 24, கேமரூன் தலைநகர் யாவுண்டே. எதிரே போட்டியை நடத்தும் கேமரூன். கோல் கம்பங்களுக்கு நடுவே ஷாக்கர் அல்ஹதூர். இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். கீப்பர் சட்டையின் முதுகில் டேப்பால் ஒட்டிய அவருடைய எண் 3. ஏழாவது நிமிடத்தில் கொமொரோஸ் ஆட்டக்காரர் ஒருவருக்கு ரெட் கார்டு வேறு. இனி ஏழெட்டு கோல் விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்தது இரண்டே இரண்டு. பாய்ந்து பாய்ந்து தடுத்தார் அந்த மனிதர். 81-வது நிமிடத்தில் யூசுஃப் எம்சங்காமா வெகு தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போனபோது எழுந்து நின்று கத்திவிட்டேன். வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். (அன்று மைதான வாசலில் நெரிசலில் எட்டுப் பேர் இறந்ததைக் காலையில்தான் படித்தேன். மனசே விட்டுப்போச்சு.)

இதை வீரக்கதையாகச் சொல்லிக் கைதட்டுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அல்ஹதூரின் வீரத்தில் சந்தேகமில்லை. ஆனால் அவரை அங்கே நிறுத்தியது வீரம் அல்ல, விதி. பெரிய நாட்டுக்கு மூன்று கீப்பர் போனால் பெரிய கிளப்புகளில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். கொமொரோஸுக்கு அந்த மூன்று பேரே எத்தனை வருடத் தேடல்! ஆட்டத்தை இரண்டு நாள் தள்ளி வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

2023 நவம்பரில் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக கானா கொமொரோஸ் தலைநகர் மொரோனிக்கே வந்தது. மைசியான் மவோலிதா ஒரு கோல் போட்டார், கொமொரோஸ் 1-0 என்று ஜெயித்தது. அன்று கொமொரோஸுக்குக் கீப்பர் இருந்தார். அந்த வீடியோ மட்டும் எந்தக் குழுவிலும் எனக்கு வரவில்லை.