எந்த நோட்டை மூடப் போகிறீர்கள்?

அரசு துணை சுகாதார நிலையங்களுக்காக ஒரு மொபைல் செயலி செய்த குழுவில் நானும் இருந்தேன். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து செய்தது. எங்கள் போனில் அருமையாக ஓடியது. அப்புறம்தான் ஒரு மலைக்கிராமத்துக்குப் போய், அங்குள்ள கிராம சுகாதார செவிலியருடன் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன்.

ஒரு கர்ப்பிணியிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டார் அக்கா. "ஆடிப்பெருக்கு அன்னைக்குத் தலைக்குக் குளிச்சேன் நர்சம்மா." நானாக இருந்தால் செயலியின் காலண்டரில் ஆகஸ்ட் 3 என்று தட்டியிருப்பேன். அக்கா, குளித்தது மூன்றாம் நாளா என்று கேட்டுக்கொண்டு, ஆகஸ்ட் 1 என்று எழுதினார். அந்த முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் தேதி குறிப்பார்கள். இந்தச் சங்கதி எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

எழுதினார் என்றேனே, அது நோட்டில். சிக்னல் இல்லாவிட்டால் எங்கள் செயலி அடுத்த பக்கத்துக்கே போகாது. சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் நின்றுகொண்டே அத்தனையையும் மறுபடி ஏற்றினார்.

சிக்னல் கோளாறை அப்புறம் சரிசெய்தோம். போனிலேயே சேமித்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்புவது ஒன்றும் புது வித்தை இல்லை. தென்னாப்பிரிக்கா 2014-இல் தாய்மார்களுக்காக மாம்கனெக்ட் என்ற செல்போன் சேவையைத் தொடங்கியபோது, நாம் பேலன்ஸ் பார்ப்பதுபோல நட்சத்திரக்குறி எண் போட்டு, பட்டன் போனிலேயே பதிவு செய்யும்படி வைத்தார்கள். நாங்கள்தான் இருக்கிற போனை விட்டுவிட்டு இல்லாத நெட்டை நம்பினோம்.

நோட்டுதான் இன்னும் போகவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அத்தனை பேர் விவரமும் நோட்டு, செயலி இரண்டிலும் வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது நோட்டைத்தான். போதாததற்குத் தடுப்பூசிக்கு ஒரு செயலி, காசநோய்க்கு ஒன்று, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இன்னொன்று. கடவுச்சொற்களை எழுதிவைக்க அக்கா தனியாக ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தார்!

உகாண்டாவில் இப்படித்தான் ஆளாளுக்கு ஒரு செல்போன்வழி சுகாதார முன்னோட்டத் திட்டத்தை இறக்கினார்கள். 2012-இல் சுகாதார அமைச்சகமே, அனுமதி இல்லாமல் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்று நிறுத்திவிட்டது. செயலி செய்து பிழைக்கிறவன் நான். எனக்கே அது நியாயமாகப் படுகிறது.

டெண்டரில் எத்தனை திரை, என்னென்ன ரிப்போர்ட் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். எந்த நோட்டை நிறுத்தப்போகிறோம் என்று ஒரு வரி சேர்க்கட்டும், அதற்கான ஆணை நகலையும் இணைக்கட்டும். கோடிங்கை அதற்கு மறுநாள் தொடங்கிக்கொள்ளலாம்.