வேர்வை சிந்தினால் மாரடைப்பு வராதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம் ஆட்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது: துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் மூட்டை தூக்கி வேர்வை சிந்துகிறவனுக்கு மாரடைப்பு வராது, அதெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். தவறு.

நாள் முழுக்கப் பாரம் தூக்குவதும் நின்றுகொண்டே இருப்பதும் ரத்த அழுத்தத்தை ஏற்றி வைக்கும், நடுவில் ஓய்வும் கிடைக்காது. வேகமாக நடக்கும் அரைமணி நேர நடை தருகிற நன்மையை அது அப்படியே தந்துவிடாது. போதாததற்கு இரவு ஷிப்ட், சிகரெட், மதியத்துக்கு ஒரு பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பியது; ருசிதான், மறுக்கவில்லை). தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோயும் இதய ரத்தக்குழாய் அடைப்பும் அதிகம் என்று மருத்துவர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். ரொட்டியில் சேர்க்கும் உப்புக்கு அரசு 2016 முதல் உச்சவரம்பு வைத்திருப்பதும் சும்மா இல்லை.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பதும் செல்லாது. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினாலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது, கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். கிளினிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரையையும் சேர்த்து. அப்புறம், நெஞ்சு இறுகி, கையோ தாடையோ வலித்து, குளிர்ந்த வேர்வை கொட்டினால், வாயுத்தொல்லை என்று சோடா குடித்துவிட்டு ஷிப்டை முடிக்கப் பார்க்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து என்றால் 112.