க்ரீமைக் கொடுக்கறதுக்கு முன்னாடி வெயிலைச் சொல்லுங்க

ஞாயித்துக்கிழமை நம்ம ஏரியா குரூப்ல நடந்ததைப் பார்த்தவங்களுக்கு நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவங்க தேடிப் போக வேண்டாம். கலராகுற க்ரீம் பூசி முகம் வெந்து கறுத்துப் போய், என்ன பண்றதுன்னு கேட்ட அந்தப் பொண்ணு தன் போட்டோவை நீக்கிட்டா, அது அப்படியே போகட்டும். அதுக்குக் கீழே பெரியவங்க, படிச்சவங்க எழுதின பதில்களைத்தான் என்னால மறக்க முடியல. வெயில்ல இருந்து முகத்தை மறைக்கணும்னு நானும் அங்கே எழுதினேன். "மெடிக்கல் ஷாப் அம்மா சன்ஸ்க்ரீன் விக்க வந்துட்டாங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரு. அதுக்கு வரிசையா சிரிப்பு எமோஜி. சரி, இனி அங்கே பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு இங்கே எழுதறேன். நீளமாத்தான் வரும்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. கலராகுற க்ரீமை ஒருத்தர் கையில கொடுக்கறீங்கன்னா, வெயிலைப் பத்தி அப்பவே, அந்த இடத்துலயே சொல்லுங்க. சொல்ல வாய் வரலைன்னா கொடுக்காதீங்க.

அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு? நிச்சயதார்த்தம் வெச்சிருக்காங்க. சொந்தத்துல ஒருத்தங்க, வாட்ஸ்அப்ல க்ரீம் விக்கற ஒரு அக்கா நம்பரைக் கொடுத்தாங்க. வாங்கிப் பூசுச்சு. முகம் பளிச்சுன்னு ஆச்சு, பார்த்தவங்க எல்லாரும் கேட்டாங்க, அதுக்கும் சந்தோஷம். அப்புறம் கோடை விழாவுக்கு ஃப்ரெண்ட்ஸோட ஏற்காடு. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஸ்கூட்டியில, முகத்துக்கு நேரா வெயில். ஏரியில போட், அண்ணா பூங்காவுல மலர்க் கண்காட்சி, சாயங்காலம் லேடீஸ் சீட். வீட்டுக்கு வந்தப்ப கன்னம் ரெண்டும் எரிஞ்சிருக்கு. சில நாள்ல தோல் உரிஞ்சு, உரிஞ்ச இடம் கறுத்து, நெத்தியிலயும் மேலுதட்டுலயும் திட்டுத் திட்டா நின்னுடுச்சு. பயந்து போய் குரூப்ல கேட்டுது. அவ்வளவுதான் நடந்தது.

வந்த பதிலைப் பாருங்க. "ஏற்காட்டுல என்னம்மா வெயிலு, அங்க ஸ்வெட்டர்ல போடணும்." "கறுப்பா பொறந்தா கறுப்பா இருந்துட்டுப் போ, எதுக்கு இந்த ஆசை." "எலுமிச்சம்பழம் தேய்ச்சுட்டு வெயில்ல நில்லு, சரியாயிரும்." எல்லாத்துக்கும் மேல, க்ரீம் வித்த அக்காவே வந்து, "முதல்ல கறுத்து உரியும், அப்புறம்தான் வெளுக்கும், க்ரீம் வேலை செய்யுதுன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் கெட்டியா போடு"ன்னாங்க. கெட்டியா போடணுமாம். வெந்து உரிஞ்ச தோல் மேல.

அந்தப் பொண்ணும் அவங்க அம்மாவும் கடைக்கு வந்தாங்க. ட்யூபைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன், மூணும் சேர்ந்தது. இது அழகு சாமான் இல்லைங்க, மருந்து. மங்குன்னு முகத்துல கறுந்திட்டு இருக்கறவங்களுக்குத் தோல் டாக்டர் பார்த்து, இத்தனை வாரம்னு கணக்கு வெச்சு, ராத்திரி மட்டும் போடச் சொல்லிக் கொடுக்கறது. 2018லயே பல ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச்ங்கற மருந்துப் பட்டியலுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. ட்யூப்லயே சின்ன எழுத்துல அச்சடிச்சிருக்கு. வித்த அக்கா அதைப் படிக்கலைன்னா தப்பு. படிச்சுட்டு வித்திருந்தா அது அதை விடப் பெரிய தப்பு.

இந்த மூணும் என்ன செய்யுதுன்னு கேளுங்க. நம்ம தோலுக்கு நிறம் கொடுக்கற மெலனின் சும்மா அங்கே இல்லை. வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர் உள்ளே இறங்கி செல்லைக் கெடுக்காம இருக்கத்தான் உடம்பு அதைத் தயாரிக்குது. ஹைட்ரோகுயினோன் அந்தத் தயாரிப்பைக் குறைக்குது. ட்ரெட்டினாயின் மேல் தோலைச் சீக்கிரம் உதிர வெச்சு மெலிசாக்குது. மொமெட்டசோன் ஸ்டீராய்டு, அது எரிச்சலையும் சிவப்பையும் வெளியே தெரியாம அமுக்கி வெச்சுடுது. முதல்ல வர்ற பளபளப்புல அதுக்கும் பங்கு உண்டு. மாசக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிச்சு, பரு வந்து, முடி முளைச்சு, நிறுத்தினா முகம் தீயா எரியும். கூரையில பாதி ஓடுகளை எடுத்துட்டு ஐப்பசி அடைமழையில உள்ளே படுக்கச் சொல்ற மாதிரிதான், இதைப் பூசச் சொல்லிட்டு வெயிலைப் பத்திச் சொல்லாம விடறது. தோலும் சும்மா இருக்காது. வெயில் பட்டதும் மெலனினை அள்ளி அள்ளிப் போடும். க்ரீம் மாசக்கணக்குல செஞ்சதை ஒரு மத்தியான வெயில் அழிச்சுட்டு, முன்ன இருந்ததை விட அதிகமா கறுக்கவும் வெச்சுடும்.

எல்லாக் க்ரீமும் இவ்வளவு முரடு இல்லை. நியாசினமைடு, கோஜிக் ஆசிட் எல்லாம் கொஞ்சம் சாது. கிளைகாலிக் ஆசிட் போட்டா தோல் வெயிலைத் தாங்காது, நிறுத்தின பிறகும் ஒரு வாரம் ஜாக்கிரதையா இருக்கணும். ஆனா எதைப் போட்டாலும் வெயிலை மறைக்கலைன்னா காசு தண்டம். பேரில்லாத டப்பாவுல அடைச்சு விக்கறதை மட்டும் தொடவே தொடாதீங்க. கேரளாவுல மலப்புறத்துல 2023ல சிறுநீரகம் பாதிச்சு வந்தவங்கள்ல பல பேர் இப்படிப்பட்ட வெளுக்கற க்ரீம் போட்டவங்கன்னு டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. காரணம் பாதரசம்.

இப்ப "ஏற்காட்டுல என்ன வெயிலு"ன்னு கேட்ட அண்ணனுக்கு வர்றேன். அண்ணா, சூடு வேற, புற ஊதாக் கதிர் வேற. சூட்டை நமக்குத் தெரியும். அந்தக் கதிர் படறதே தெரியாது. சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் போல உயரம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். 1000 மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். மேகம் மூடியிருக்கேங்கறீங்களா? மெலிசான மேகமா இருந்தா 80 சதவீதம் வரைக்கும் கீழே வந்துடும். சேலத்துல நாலு ரோட்டுல சிக்னல்ல நின்னா மண்டை காயுது, நாமளே நிழலைத் தேடி ஒதுங்கறோம். ஏற்காடு பகோடா பாயிண்ட்ல குளிர்காத்து முகத்துல அடிக்கறப்ப ஒதுங்கணும்னு யாருக்காவது தோணுமா? அதனாலதான் அங்கே இன்னும் ஜாஸ்தி அடி வாங்கறோம். இன்னொண்ணும் சொல்றேன். சித்திரை வெயிலோட எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கறோமே, சேலத்துக்கு நேர் உச்சியில சூரியன் வர்றது ஏப்ரல் 20, 21 வாக்குல ஒரு தடவை, ஆகஸ்ட் 22 வாக்குல மறுபடி ஒரு தடவை. ஆடி போய் ஆவணி வந்துட்டாலும் உச்சி வெயில் உச்சி வெயில்தான். உங்க நிழல் உங்களை விடக் குட்டையா விழுந்தா நிழலுக்குப் போங்க. இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

எலுமிச்சம்பழம் சொன்ன அக்கா நல்ல மனசோடதான் சொன்னாங்க, எனக்குத் தெரியும். ஆனா எலுமிச்சைச் சாறு தோல்ல இருக்கறப்ப வெயில் பட்டா கொப்புளம் வந்து, அந்த இடம் மாசக்கணக்கா கறுத்து நிக்கும். தயவு செஞ்சு அதை இனி யாருக்கும் சொல்லாதீங்க. வெயில் படலைன்னா வைட்டமின் டி போயிடுமேன்னு குரூப்ல கேட்ட தம்பிக்கு: முகத்தை மறைச்சா போயிடாது, கையும் காலும் இருக்கு.

"நம்ம பாட்டி காலத்துல சன்ஸ்க்ரீனா போட்டாங்க?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தாங்க. போடலைங்க. ஆனா வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கிட்டும் நிக்கலை. எங்கம்மா ஆத்தூர் ரோட்டுப் பக்கம் சேகோ மில்லுல களத்து வேலை பார்த்தவங்க. சிமெண்டுக் களத்துல ஜவ்வரிசி பரப்பிக் காயப் போட்டிருக்கறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. மேல இருந்தும் வெளிச்சம், கீழ இருந்தும் வெளிச்சம். அதுல காலையில இருந்து கிளறி விட்டுக்கிட்டே இருக்கணும். எங்கம்மா சேலைக்கு மேல அப்பாவோட பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் மாட்டி, தலையில இருந்து முகத்தைச் சுத்தித் துண்டு கட்டிக்கிட்டுத்தான் களத்துல இறங்குவாங்க. கூட வேலை பார்த்த எல்லாருமே அப்படித்தான். எந்த டாக்டரும் வந்து சொல்லிக் கொடுக்கல. கலராகணும்னு செய்யல, எரியாம இருக்கணும்னு செஞ்சாங்க. சட்டைக்குள்ள இருந்த முழங்கை ஒரு நிறம், வெளியே இருந்த புறங்கை ஒரு நிறம். அந்த வித்தியாசத்தைச் செஞ்சது ஒரு பழைய சட்டை. அதனால சன்ஸ்க்ரீன் விக்க வந்துட்டேன்னு சொன்னவர் கேட்டுக்கோங்க, நான் முதல்ல சொல்றது துணியைத்தான். கெட்டியா நெய்த துணி, அடர்ந்த கலர். வண்டியில போறப்ப சுத்திக்கற மெல்லிசான வெள்ளை துப்பட்டா வழியா வெயில் நல்லாவே உள்ள வரும்.

அதுக்கு மேல முடிஞ்சவங்க சன்ஸ்க்ரீன் போடுங்க. ட்யூப்ல போட்டிருக்கற எஸ்பிஎஃப்ங்கற பாதுகாப்பு எண் 30 போதும். அது தோலை எரிக்கற யூவிபிங்கற புற ஊதாக் கதிரை 97 சதவீதம் தடுக்குது, 50 போட்டா 98. அந்த ஒரு சதவீதத்துக்கு அடிச்சுக்காம, அளவைப் பாருங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளமா ஒரு கோடு எடுத்தாதான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியா வரும். பட்டாணி அளவு தடவினா ட்யூப்ல எழுதியிருக்கற பாதுகாப்புல பாதி கூடக் கிடைக்காது. வெளியே இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போடணும். இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யூவிஏவையும் தடுக்கறதா பார்த்து வாங்குங்க, பஸ் கண்ணாடி வழியா வர்றது அதுதான். மங்கு இருக்கறவங்களுக்கு லேசா தோல் நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு இருக்கற சன்ஸ்க்ரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. இந்த அளவுல போட்டா 50 கிராம் ட்யூப் ஒரு மாசம் தாங்கறதே கஷ்டம். எல்லாராலயும் முடியாதுன்னு எனக்கும் தெரியும். நானும் சம்பளத்துக்கு நிக்கற பார்மசிஸ்ட்தான், கடை என்னோடது இல்லை. சீட்டு இல்லாம அந்த க்ரீமைக் கேட்டு, நான் தர மாட்டேன்னதும் "பெரிய இவ"ன்னு திட்டிட்டுப் போனவங்க எத்தனையோ பேர். நான் விக்கணும்னு நினைச்சிருந்தா அவங்களுக்கு வித்திருப்பேன்.

"கறுப்பா பொறந்தா கறுப்பா இருந்துட்டுப் போ"ன்னு சொன்னவருக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு ரொம்ப யோசிச்சேன். சொன்ன விஷயத்துல எனக்குச் சண்டை இல்லை. நானும் கறுப்புதான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா அதை அந்தப் பொண்ணுகிட்ட ஏன் சொல்றீங்க? அவளை வெளுக்கச் சொன்னது அவளா? நிச்சயத்துக்கு முன்னாடி "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மிதான்"னு இழுத்தது மாப்பிள்ளை வீடு. நம்பர் கொடுத்தது சொந்தக்காரங்க. "நல்ல சிவந்த நிறம்"னு வரன் தேடுற விளம்பரம் கொடுக்கறது நம்ம வீடுகள்ல இருக்கற பெரியவங்க. அவங்க யாரையும் நீங்க ஒரு வார்த்தை கேட்கலை. முகம் வெந்து போய் வந்து நின்னவளைக் கேட்டீங்க.

என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு எங்கம்மா கூடம் முழுக்க வேலை பார்த்துட்டு, அவங்க வந்ததும் புறங்கை ரெண்டையும் முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு ஓரமா உட்கார்ந்தாங்க. களத்து வெயில்ல கறுத்த கை. அந்தக் கை சம்பாதிச்சதுலதான் நான் டி.பார்ம் படிச்சேன். வந்தவங்க என் நிறத்தைப் பத்திக் கேட்டதுக்கு எங்கம்மா, "வெயில்ல போய் வந்து அப்படி இருக்கு, சரியாயிரும்"னாங்க. நான் வெயில்ல போனதே இல்லை. படிக்கணும்னு என்னை வீட்டை விட்டு வெளியே விடாம வளர்த்தவங்க அவங்க. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. குரூப்ல அந்த "கறுப்பா பொறந்தா" வரியைப் படிச்சதுல இருந்து அதுதான் நினைப்பு வருது, அதனால எழுதறேன். "உணர்ச்சிவசப்படறீங்க"ன்னு யாராவது எழுதினா, ஆமாங்க, படறேன்.

அந்தப் பொண்ணை சேலம் ஜி.ஹெச் தோல் பிரிவுக்கு அனுப்பியிருக்கேன். ஓ.பி. சீட்டு போட்டுட்டுப் பார்க்கலாம், காசில்லை. இதே க்ரீம் போட்டுக்கிட்டு இருக்கறவங்க நீங்களா கூட்டவும் வேண்டாம், பயந்து போய் திடீர்னு விடவும் வேண்டாம், டாக்டரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. கர்ப்பமா இருக்கறவங்களும், குழந்தைக்காக முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கறவங்களும் உடனே போய்க் கேளுங்க, அதுல இருக்கற ட்ரெட்டினாயின் உங்களுக்கு ஆகாது.

க்ரீம் வித்த அக்கா, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். உங்க மேல போலீஸ்ல சொல்லணும்னு சில பேர் எனக்கு மெசேஜ் பண்றாங்க. அதை அந்தப் பொண்ணு வீட்டுல முடிவு பண்ணட்டும். நான் கேட்கறது வேற. உங்ககிட்ட வாங்கின எல்லாரோட நம்பரும் உங்க போன்ல இருக்கு. இன்னிக்கே எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடுங்க. உள்ளே ஸ்டீராய்டு இருக்கு, பகல்ல போடக் கூடாது, முகத்தை மூடாம வெயில்ல போகக் கூடாது, டாக்டரைப் பாருங்கன்னு. எழுதத் தெரியலைன்னா சொல்லுங்க, நான் எழுதித் தர்றேன், நீங்க அனுப்பினா போதும்.