விருந்தாளி பொம்மையாக இருந்தால் என்ன?

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். பொங்கல் வாரத்தில் நம் சிங்கப்பூர்த் தேக்காவில் எடுத்து, நம் ஆட்கள் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குழுக்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்த அந்த வீடியோதான். மாடு கட்டியிருக்கும் தடுப்புக்கு வெளியே, கையில் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஆள் நான்தான். வீட்டில் எல்லாரும் "விட்டுத் தள்ளுங்க, நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க" என்றார்கள். விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் சொந்த மச்சான் அதைச் சிரிப்புக் குறியோடு தன் பக்கத்தில் போட்டதைப் பார்த்த பிறகு விட முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது என் பொம்மை இல்லை. என் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

உலகம் முழுக்க இப்படிப் பொம்மைகளைப் பயணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தன் பொம்மையைப் பார்சலில் இன்னொரு நாட்டுக்கு அனுப்புவார். அங்கே இருக்கிறவர் அதை வாங்கி, தன் ஊரைச் சுற்றிக் காட்டி, படம் எடுத்து, கூட வந்த குறிப்பேட்டில் எழுதி, திருப்பி அனுப்புவார், இல்லையென்றால் அடுத்த ஊருக்கு ஏற்றிவிடுவார். இது நான் கண்டுபிடித்த பைத்தியக்காரத்தனம் இல்லை. 1995-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், காகிதத்தில் வெட்டிய ஒரு பையனின் உருவத்தை ஊர் ஊராக அனுப்பி, அது போன இடங்களைப் பற்றிக் கடிதம் எழுதவைத்தே பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் ஆர்வம் ஊட்டினார். அது பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பரவியது. டோக்கியோவில் உனாகி டிராவல் என்று பொம்மைகளுக்காகவே ஒரு சுற்றுலா நிறுவனம் இருக்கிறது. உடம்பு முடியாமல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள்கூட அதற்குத் தங்கள் பொம்மையை அனுப்பி, அது பார்த்ததைப் படத்தில் பார்க்கிறார்கள். 2022-இல் நிலவைச் சுற்றப் போன ஆர்ட்டெமிஸ் 1 விண்கலத்தில், எடையற்ற நிலை வந்துவிட்டதா என்று காட்ட நாசா வைத்தது ஸ்னூப்பி என்கிற கார்ட்டூன் நாயின் பொம்மையை. நாசா பொம்மை வைத்தால் அறிவியல், நான் கையில் வைத்திருந்தால் கேவலமா?

"ஐம்பது வயசு ஆம்பளைக்கு வேற வேலை இல்லையா" என்று எழுதியவர்களுக்கு: இருக்கிறது. ஷிஃப்ட் வேலை. இரவு வேலை முடித்துவிட்டுத்தான் அன்றைக்குத் தேக்காவுக்கு வந்தேன். இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை.

இப்போது வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோ எடுத்தவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அங்கேயே நின்று சொல்லியிருப்பேன். கம்பளி நூலில் பின்னின ஒரு ரெயின்டீர், பனிப்பிரதேசத்து மான். பின்லாந்தின் வடகோடியில் உத்ஸ்யோகி வட்டாரத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனுப்பியது. ஒரு கொம்பு எப்போதோ பிய்ந்து, சிவப்பு நூலால் யாரோ ஒரு பிள்ளை அவசரமாகத் தைத்திருக்கிறது. தையல் ஒழுங்காகவே இல்லை. அதைத் தொட்டுப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கடையில் வாங்கி அனுப்பிய சாமான் இல்லை, யாரோ பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருள் என்று. அப்படிப்பட்டதை முகம் தெரியாத என்னை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஊர் மழைக்காலத்தில் கம்பளி ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சுற்றிப் போட்டு அதற்குப் படுக்கை போட்டேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். வீட்டுக்கு வந்தவரை ஈரத்தில் படுக்கவைக்க எங்கள் அம்மா சொல்லித்தரவில்லை.

குறிப்பேட்டில் பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்பியிருந்தார்கள். "அங்கே இப்போது மரத்தில் இலை இருக்கிறதா?" "சூரியன் எத்தனை மணிக்கு வரும்?" இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஊரில் நவம்பர் கடைசியில் இறங்குகிற சூரியன் மறுபடி தலைகாட்ட ஜனவரி நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை நண்பகலில் சில மணி நேரம் ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். நமக்கோ வருடம் முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில் எழுந்து மாலை ஏழு மணி வாக்கில் மறைகிற சூரியன், யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஜனவரி நடுப்பகுதியில் நமக்கு என்ன வருகிறது? தை பிறக்கிறது. சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம். அதே வாரத்தில் அந்தப் பிள்ளைகள் மலை விளிம்பில் முதல் கீற்று தெரிகிறதா என்று காத்துக்கொண்டிருப்பார்கள். இதை வைத்துக்கொண்டு அந்த விருந்தாளியை நான் வேறு எங்கே கூட்டிப்போக வேண்டும் என்கிறீர்கள்? ஷாப்பிங் மாலுக்கா?

"சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது, குளிர்காலத்தில் என்னத்தைக் காட்டப்போறே" என்று ஒருவர். ஐயா, இங்கே பிறந்து வளர்ந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? டிசம்பரும் ஜனவரியும் நம் ஊருக்கு வேறு முகம். வடகிழக்குப் பருவமழை விடாமல் இரண்டு மூன்று நாள் அடிக்கும், புளோக் கீழே துணி காயாது, கோப்பிக்கடையில் எல்லாரும் தே ஹாலியா, அதான் இஞ்சி டீ, கேட்பார்கள். 2018 ஜனவரியில் 21 டிகிரிக்கு இறங்கியபோது ஊரே ஸ்வெட்டரைத் தேடியது, மறந்துபோச்சா? மைனஸ் முப்பதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் அவர்கள் கேலி செய்யவில்லை. "உங்களிடம் எத்தனை ஸ்வெட்டர் இருக்கிறது" என்று அக்கறையாகக் கேட்டு எழுதினார்கள். மழையில் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 1859-இல் தொடங்கிய தோட்டம், 2015-இல் உலக மரபுடைமைத் தலம் ஆனது, அதெல்லாம் எழுதினேன். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்தது அதுவா? இல்லை. எல்லா மரத்திலும் ஜனவரியில் இலை இருக்கிறதே, அதுதான்.

தேக்கா ஈரச் சந்தையில் மீன் விற்கிற அண்ணன் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்கேருந்து வந்திருக்கு?" என்றார். சொன்னேன். ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து ஐஸ்மேல் விரித்து, "இங்கே உட்கார வைங்க அண்ணே, பாவம், புழுக்கத்துல வாடிப்போயிருக்கும்" என்றார். இடதுபக்கம் வஞ்சிரம், வலதுபக்கம் இறால், நடுவில் ரெயின்டீர். வியாபாரம் உச்சத்தில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை அது. அவருக்கு இருந்த அந்த மனசு, படித்துப் பட்டம் வாங்கி ஏர்கான் அறையில் உட்கார்ந்து கமெண்ட் போட்டவர்களுக்கு ஏன் இல்லை என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

அடுத்தது பணம். "தபாலுக்குச் செலவழிக்கிற காசை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமே." வார இறுதியில் பஃபேக்குப் போகிறவரிடம் இதை யாரும் கேட்பதில்லை. இருபது டாலருக்கு கேஸ் போடுகிற போன் வைத்திருப்பவரிடம் கேட்பதில்லை. நான் யாருக்கு என்ன கொடுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது, சொல்லவும் போவதில்லை.

ஆனால் என்னைச் சுட்டது இது எதுவும் இல்லை. "மாட்டுப் பொங்கலைக் கொச்சைப்படுத்துறான்" என்று எழுதினீர்களே, அதுதான். அதற்கு அத்தனை லைக்கு. நானா கொச்சைப்படுத்தினேன்? என் அப்பா ஊரில் மாடு மேய்த்துவிட்டு இங்கே வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு ஊர் மாடு பக்கத்து ஊருக்குள் போனால் சூட்டுக்குறியைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடலாம் என்பார். இந்தப் பொம்மை வந்தபோது அதன் காது ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டியிருந்தது. பார்சலில் சேதமாகிவிட்டதோ என்று பதறிப்போய் ஆசிரியைக்கு எழுதிக் கேட்டேன். இல்லை, பிள்ளைகளே வெட்டியதுதான் என்று பதில் வந்தது. அங்கே காட்டில் திரிகிற ரெயின்டீருக்கும் சொந்தக்காரர் உண்டாம். கன்றாக இருக்கும்போதே காதில் கத்தியால் வெட்டிக் குறி வைப்பார்களாம், ஒரு குடும்பத்துக் குறி மாதிரி இன்னொன்று இருக்காதாம். சாமி மக்கள் என்று அந்த வடகோடியின் பூர்வகுடிகள், தலைமுறை தலைமுறையாக ரெயின்டீர் வளர்த்தவர்கள். பின்லாந்தில் அவர்கள் பெரும்பான்மையாக வாழ்கிற ஒரே வட்டாரம் உத்ஸ்யோகிதான்.

அதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. மாட்டை நம்பி வாழ்ந்த நாமும் ரெயின்டீரை நம்பி வாழ்கிற அவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு நம் மாட்டைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கொம்புக்கு வண்ணம் அடிக்கிறது, கழுத்தில் மணி, நெற்றியில் மஞ்சள் குங்குமம், ஏன் இதெல்லாம் செய்கிறோம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலத்தில் கால்நடை வியாபாரத்துக்கே பேர்போன இடம் நம் சிராங்கூன் ரோடு வட்டாரம். பஃபலோ ரோடு என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அதையும் எழுதினேன். கோவிலுக்குள் பொம்மையைக் கொண்டுபோகவில்லை. மாட்டைத் தொடவில்லை. தடுப்புக்கு வெளியே நின்று, மாட்டைப் பார்த்துக்கொள்கிற தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன். கேம்பல் லேன் பொங்கல் சந்தையில் கரும்பு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, அந்தக் கரும்பை ஏன் வைக்கிறோம் என்று பிள்ளை கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்கிறோமே, அதைவிட இது எந்த விதத்தில் குறைச்சல்? பின்லாந்தின் வடகோடியில் ஒரு வகுப்பறையில் இன்றைக்குத் தை மாதம் என்றால் என்ன என்று தெரியும். சொல்லிக்கொடுத்தது உங்கள் லைக்கு இல்லை, அந்தப் பொம்மை.

நவராத்திரிக்குப் படி கட்டிப் பொம்மை வைத்து, ஊரைக் கூட்டிச் சுண்டல் கொடுக்கிறவர்கள் நாம். பொம்மை என்றால் நமக்கே கேவலம் என்று எப்போது ஆனது?

இதெல்லாம் என்னோடு போகட்டும். என்னைக் கிண்டல் செய்ததை ஒரு மாதத்தில் மறந்துவிடுவேன். மச்சானோடுகூட அடுத்த விசேஷத்தில் பேசிவிடுவேன். ஆனால் அந்த வீடியோவில் என் பக்கத்தில் அக்கா பேரன் நிற்கிறான். தொடக்கநிலை மூன்று படிக்கிறான். பின்லாந்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பாதி பதிலை அவன்தான் எழுதினான். தமிழில் எழுதச் சொன்னால் ஓடுகிற பையன், மாட்டைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, "தாத்தா, இதையும் ஒட்டுங்க, அவங்க நம்ம எழுத்தைப் பார்க்கட்டும்" என்று கொண்டுவந்து கொடுத்தான். நேற்று விருந்தாளியைத் திருப்பி அனுப்பத் தபால் நிலையத்துக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான். ஏன் என்றேன். பள்ளியில் இரண்டு பையன்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்களாம்.

வீடியோ எடுத்தவரும் பகிர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். என் முகம் இருந்துவிட்டுப் போகட்டும். பையனுடைய முகம் இருக்கிற அந்தப் பகுதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் எனக்கு அனுப்புங்கள், அவனிடம் காட்ட வேண்டும்.