13வது ஓவரில் தோனி ஏன் வரவில்லை?

தோனி ஏன் இவ்வளவு லேட்டாக இறங்குகிறார் என்பதற்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) கோச் ஃபிளெமிங் சொன்ன பதிலைக் கேட்ட பிறகும் எனக்கு ஆறவில்லை. சொல்லப்போனால் அதைக் கேட்ட பிறகுதான் கோபம் கூடியிருக்கிறது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை ராத்திரி சேப்பாக்கத்தில் என்ன நடந்தது என்று உங்கள் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு (ஆர்சிபி) எதிராக நாம் 197 அடிக்க வேண்டும். 13வது ஓவரில் யஷ் தயாள் ரச்சினையும் துபேவையும் ஒரே ஓவரில் தூக்கிவிட்டார். 80 ரன்னுக்கு 6 விக்கெட். ஜடேஜா ஒரு முனையில் நிற்கிறார். மொத்த மைதானமும் டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. இறங்கி வந்தது அஸ்வின். அவர் அவுட்டாகிப் போன பிறகு 16வது ஓவரில்தான் தோனி வந்தார். ஒன்பதாவது ஆளாக.

ஞாயிற்றுக்கிழமை குவாஹாட்டியில் ராஜஸ்தானிடமும் 6 ரன்னில் தோற்றோம். அதற்குப் பிறகு ஃபிளெமிங் விளக்கம் கொடுத்தார். தோனியின் முழங்கால் பழையபடி இல்லையாம். பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாதாம். அதனால் ஒன்பது, பத்தாவது ஓவரில் அவரை இறக்கிவிட முடியாது, 13, 14 ஓவர் வாக்கில் யார் களத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து இறங்குவார் என்றார்.

சரி. முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். 43 வயது. 2023 ஐபிஎல் கோப்பையைத் தூக்கிய கையோடு முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர். பத்து ஓவர் ஓடு என்று யாரும் கேட்கவில்லை, நான் கேட்கவே மாட்டேன். ஆனால் துபே அவுட்டானது எந்த ஓவரில்? 13வது ஓவரில். நீங்களே சொன்ன அந்த நேரம்தான் அது. உங்கள் கணக்குப்படியே அவர் வந்திருக்க வேண்டிய பந்து அது. ஏன் வரவில்லை?

இதற்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. இதைப் பற்றி எழுதிய என் முந்தைய பதிவுக்குக் கீழே வந்து 'நீயெல்லாம் ஃபேன் இல்லை' என்று எழுதியவர்களும் சொல்லவில்லை.

பேட்டிங் ஆர்டர் என்பது மரியாதை வரிசை இல்லை. டி20யில் ஒரு டீமுக்கு 120 பந்து, அவ்வளவுதான். அந்த 120ஐ யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பங்கு போடுகிற வேலைக்குப் பெயர்தான் பேட்டிங் ஆர்டர். மேட்ச் கையில் இருக்கும்போது அதை ஜெயித்துக் கொடுக்கக்கூடியவனுக்குப் பந்து மிச்சம் இருக்க வேண்டும். துபே போனபோது கிட்டத்தட்ட ஏழு ஓவரில் 117 வேண்டும். கஷ்டம்தான், ஓவருக்கு 16க்கு மேல். அஸ்வின் போனபோது அது ஓவருக்கு 21 ஆகிவிட்டது. நடுவில் போன இரண்டரை ஓவர்தான் அந்த மேட்ச். அஸ்வின் 8 பந்தில் 11 அடித்தார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2024 செப்டம்பரில் இதே சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக டெஸ்ட் சதம் அடித்தவர். ஆனால் கடைசி ஏழு ஓவரில் ஓவருக்கு 16 அடிக்க வேண்டிய இடத்தில் அவரை அனுப்பியது அவர் தப்பா?

'லெஃப்ட் ரைட் காம்பினேஷனுக்காக' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். களத்தில் ஜடேஜா, லெஃப்ட் ஹேண்டர். வந்த அஸ்வின் ரைட். வந்திருக்க வேண்டிய தோனியும் ரைட்தானே? அந்த வாதம் அங்கேயே முடிந்துபோகிறது.

ஸ்பின்னர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள், சமீப வருஷங்களில் லெக் ஸ்பின்னில் தோனி கொஞ்சம் திணறுகிறார், அதனால் தள்ளி வைத்தார்கள் என்றால் அதில் ஒரு கிரிக்கெட் காரணம் இருக்கிறது. அதை நான் மதிப்பேன். ஆனால் அதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. முழங்கால் என்கிறார்கள். முழங்கால் என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

முழங்கால் விஷயத்துக்கே வருகிறேன். விழுப்புரம் பக்கத்தில் நாங்கள் டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் டீமுக்கு ஒரு அண்ணன் கேப்டன். பெரிய ஹிட்டர். எப்போதும் டூ டவுன், அதாவது நாலாவதாகத்தான் இறங்குவார். ஒரு டோர்னமென்ட்டுக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கிப் போய்விட்டது. ஓட முடியாது. நாங்கள் எல்லாரும் 'கடைசியா இறங்குண்ணே, பாத்துக்கலாம்' என்றோம். அவர் கேட்கவில்லை. 'என்னால ஓட முடியாதுடா, அதனால ஓப்பனிங் இறங்குறேன். ஃபீல்டு உள்ளதான் நிக்கும், நின்ன எடத்துல அடிக்கிறேன். போனா போகட்டும், பின்னால வர்றவனுக்குப் பந்து மிச்சம் இருக்கும்' என்றார். நாலு ஷாட் நன்றாக மாட்டியது, அப்புறம் கேட்ச். அந்த மேட்ச் தோற்றோம். ஆனால் திரும்பி வரும்போது டெம்போவில் ஒருத்தர்கூட 'அண்ணன் ஏன் அப்ப இறங்கினார்' என்று கேட்கவில்லை. தன்னால் முடிந்ததை மேட்ச் உயிரோடு இருக்கும்போதே அவர் கொடுத்துவிட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஐபிஎல்லையும் டென்னிஸ் பால் மேட்ச்சையும் ஒப்பிடாதே என்பீர்கள். 20 ஓவர் கீப்பிங் செய்துவிட்டு உடனே ஓப்பனிங் இறங்க முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். நான் அவரை ஓப்பனிங் இறக்கச் சொல்லவில்லை. ஓட முடியாத பேட்ஸ்மேனைக் கடைசியில் ஒளித்து வைப்பது மட்டும்தான் வழி என்று சொல்லாதீர்கள் என்கிறேன். முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில் வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் நிற்பார்கள், ஓட்டமே குறைவு. இது ஊர் கிரவுண்டில் தெரிந்த விஷயம்.

'மேட்ச் அப்பவே போயாச்சு, அப்புறம் எவன் இறங்கினா என்ன?' இதுதான் அதிகம் வந்த கமென்ட். போய்விட்டது என்றால் 16வது ஓவரில் மட்டும் எதற்கு வந்தார்? வந்து 16 பந்தில் 30 அடித்தார். கடைசி ஓவரில் குருணால் பாண்டியாவை அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர். அந்தக் கை இன்னும் அடிக்கிறது என்றுதானே நமக்குக் காட்டினார்கள்? அடிக்கிற கையை ஏன் இரண்டரை ஓவர் முன்னால் அனுப்பவில்லை? 2019இல் பெங்களூரில் 28க்கு 4 போனபோது இறங்கி, கடைசி ஓவரில் 26 வேண்டிய இடத்தில் 24 அடித்து, ஒரே ரன்னில் தோற்றோமே, அன்றைக்கு மேட்ச் போய்விட்டது என்று அவர் நினைத்தாரா? அந்தத் தோல்வியை இன்றைக்கும் நாம் கொண்டாடுகிறோம். ஏனென்றால் அதில் முயற்சி இருந்தது.

நெட் ரன் ரேட்டுக்காக (புள்ளி சமமானால் பார்க்கிற ரன் கணக்கு) என்று சொல்பவர்களுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. 50 ரன்னில் தோற்றிருக்கிறோம்.

எனக்கு வலித்தது தோல்வி மட்டும் இல்லை. ஆர்சிபி சேப்பாக்கத்தில் 2008க்குப் பிறகு ஜெயிக்கிறது. 17 வருஷம். அந்தப் பெருமை கைநழுவிப் போகிற ராத்திரியில், அஸ்வின் அவுட்டானதும் நான் உட்கார்ந்திருந்த ஸ்டாண்டே எழுந்து கத்தியது. நம் டீமின் ஏழாவது விக்கெட் அது. நம் விக்கெட் விழுந்ததற்கு நாமே விசில் அடித்தோம். பக்கத்தில் ஒரு அப்பா, தோளில் சின்னப் பையன், இரண்டு பேரும் மஞ்சள் ஜெர்சி, ஆனந்தமாகக் குதிக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பையன் தோனியைப் பார்க்கத்தானே வந்திருக்கிறான். ஆனால் அந்த நேரத்தில் எதிர்முனையில் ஜடேஜா நிற்கிறாரே, அவர் காதில் இது என்னவாக விழும்? 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர். வருஷக்கணக்கில் தன் விக்கெட்டுக்குக் கைதட்டல் கேட்டுக்கொண்டு ஆடுகிறார்.

அப்புறம் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், ஐபிஎல்லில் சிஎஸ்கேவுக்காக அதிக ரன் எடுத்தவர் என்ற ரெய்னாவின் சாதனையைத் தோனி அன்றைக்குத்தான் தாண்டினார் என்று போஸ்டர் மேல் போஸ்டர். எனக்கும் அது பெரிய விஷயம்தான். அந்த ராத்திரி என்னால் ஒரு லைக் போட முடியவில்லை.

இப்போது அந்த 'ஃபேன் இல்லை' விஷயம். இதுதான் என்னை ரொம்பவே காயப்படுத்தியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேட்டிங் ஆர்டரைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே தோனிதான். 2011 வேர்ல்ட் கப் ஃபைனல். 275 அடிக்க வேண்டும். கோலி போகும்போது 114க்கு 3. அடுத்து வர வேண்டியது யுவராஜ். அந்த வேர்ல்ட் கப்பின் தொடர் நாயகனே யுவராஜ்தான். தோனிக்கு அதுவரை அந்தத் தொடரில் ஒரு அரைசதம்கூட இல்லை. ஆனால் களத்தில் கம்பீர், லெஃப்ட் ஹேண்டர். பந்து போடுவது முரளி, பந்தைத் திருப்புகிற ஆஃப் ஸ்பின்னர். சென்னை நெட்ஸில் முரளியை ஆடிப் பழகியவர் தோனி. இன்னொரு லெஃப்ட் ஹேண்டர் போகக்கூடாது என்று கணக்குப் போட்டு, தானே கிளவுஸை மாட்டிக்கொண்டு ஐந்தாவதாக இறங்கினார். 79 பந்தில் 91 நாட் அவுட். தோற்றிருந்தால் நாடே அவரைக் கிழித்திருக்கும் என்று தெரிந்தும் இறங்கினார். மேட்ச் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்றார். எனக்குத் தெரிந்த தோனி அவர்தான்.

2019 வேர்ல்ட் கப் செமிஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? ஓல்ட் டிராஃபோர்டில் 24க்கு 4 போன பிறகும் தோனியை இறக்காமல் ஏழாவதாக அனுப்பினார்கள். தினேஷ் கார்த்திக்குக்கும் ஹர்திக்குக்கும் பின்னால். அன்றைக்கு நாம் என்ன எழுதினோம்? 'தோனியைப் போய் ஏழில் இறக்குவதா, பந்து மிச்சம் இருக்கும்போது அனுப்பியிருந்தால் ஜெயித்திருப்போம்' என்று எழுதாதவர் உண்டா? என்னை இன்று ஃபேன் இல்லை என்று சொல்கிற அதே நண்பர்தான் அன்றைக்கு இந்திய டீம் கோச்சாக இருந்த ரவி சாஸ்திரியைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினார். ஏழு தப்பு என்று அவ்வளவு கோபப்பட்டவருக்கு ஒன்பது எப்படிச் சரியானது? கோலியும் சாஸ்திரியும் செய்தால் தப்பு, நம் டிரெஸ்ஸிங் ரூம் செய்தால் சரியா?

இது முதல் தடவையும் இல்லை. 2024இல் தர்மசாலாவில் சாண்ட்னருக்கும் ஷர்துலுக்கும் பின்னால் ஒன்பதாவதாக வந்து, ஹர்ஷல் படேலிடம் முதல் பந்திலேயே போல்டு. அன்றைக்கு ஜெயித்துவிட்டோம், அதனால் யாரும் கேட்கவில்லை. 2020 ஷார்ஜாவில் 217 துரத்தும்போது ஏழாவதாக வந்து கடைசி ஓவரில் மூன்று சிக்ஸர் அடித்து 16 ரன்னில் தோற்றோம். அடித்த சிக்ஸர்தான் ஞாபகம் இருக்கிறது, தோற்றது ஞாபகம் இல்லை. நாம் இப்படிப் பழகியதால்தான் அவர்களுக்கும் பழகிவிட்டது.

குவாஹாட்டியில் ஏழாவதாக வந்தாரே, அதற்கென்ன சொல்கிறாய் என்று கேட்டால், அது நல்ல முடிவு என்றுதான் சொல்வேன். 25 பந்தில் 54 வேண்டும், இறங்கினார், 11 பந்தில் 16, கடைசி ஓவரில் சந்தீப் சர்மா பந்தில் ஹெட்மயர் பிடித்த கேட்ச். அவுட்டானதற்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்தத் தோல்வியில் எனக்கு இவ்வளவு கசப்பு இல்லை.

அன்றைய நிலைமையைப் பார்த்துத் தன்னால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று தோனியே முடிவு செய்வார் என்கிறார் ஃபிளெமிங். அப்படியென்றால் கோச் எதற்கு? ருதுராஜ் கேப்டன்தானே? 'அண்ணே, இப்ப நீங்க போங்க' என்று சொல்ல அந்த அறையில் ஒருத்தருக்கும் வாய் இல்லையா? அவர் கீப்பிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. சூர்யகுமாரையும் சால்ட்டையும் எடுத்த ஸ்டம்பிங்கைப் பார்த்தோம். ஆனால் கீப்பிங்கும் ஆலோசனையும் மட்டும்தான் அவர் வேலை, பேட்டிங் முடிந்தால் பார்க்கலாம் என்பது உண்மை என்றால் அதை நம்மிடம் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் ஏழாவது இடத்துக்கு ஒரு இளம் பையனைத் தயார் செய்யலாம். தோற்றாலும் அவன் கற்றுக்கொள்வான்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை சேப்பாக்கத்தில் டெல்லி மேட்ச். ஐந்தாவது விக்கெட் பத்தாவது ஓவருக்கு மேல் எப்போது விழுந்தாலும் அடுத்தது அவர் வர வேண்டும். முழங்கால் அதற்கும் இடம் கொடுக்காது என்றால், கான்வே மூன்று மேட்ச்சாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஓப்பனிங் இறங்குவார், கீப்பிங்கும் செய்வார். 2023 ஃபைனலில் ஆட்ட நாயகன் அவர்தான். கிளவுஸை அவரிடம் கொடுங்கள். இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.