இழுக்கும் சரி, எத்தனை ஆண்டு உழைக்கும்?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிக்கப் ட்ரக் விளம்பரம் வரும்போதெல்லாம் ஓர் எண் திரையை அடைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. ஒரு நிறுவனம் 11,000 பவுண்டு என்றால் அடுத்தது 13,000 பவுண்டு என்கிறது. ஏறக்குறைய 7,000 பவுண்டு எடையுள்ள ஒரு டிராவல் டிரெய்லரை, அதாவது படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட ஒரு சக்கர வீட்டை, கோடை விடுமுறையில் கொலராடோ மலைகளுக்கு இழுத்துச் செல்ல விரும்பும் என்னைப் போன்ற குடும்பஸ்தனுக்கு அந்த எண்ணால் காலணாப் பயனில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த எஞ்சின், இந்தப் பாரத்தை இழுத்தபடியே, 1,50,000 மைல் வரைக்கும் பிரித்து மேய வேண்டிய அவசியம் வராமல் ஓடுமா? ஒரு வண்டிக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் டாலர் என்று கூசாமல் விலை சொல்லும் இந்தத் தொழிலில், அந்த ஒற்றைக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

இழுவைத் திறனை அளப்பதற்கென்று எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த ஜே2807 என்னும் தரநெறி இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள ஏற்றத்தில், ஏசியை முழுமையாக ஓடவிட்டு, ஏறக்குறைய 11 மைல் தூரத்தை மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதிலுள்ள சோதனைகளுள் ஒன்று. நல்ல சோதனைதான், அது வருவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய கணக்கைப் போட்டு ஓர் எண்ணை அச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சோதனை, வண்டி ஏறுமா என்பதைத்தான் சொல்கிறதே தவிர, ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருந்தால் உள்ளே எது தேயும், எது உடையும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லும் தரநெறி எதுவும் வாங்குபவன் கைக்கு வருவதில்லை.

அந்த இழுவை எண்ணேகூட முழு உண்மை இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது அதில் இருக்கும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ட்ரக்கின் பின்புறக் கொக்கியின் மேல் இறங்கும் என்பதால், 7,000 பவுண்டு டிரெய்லர் என்றால் சுமார் 900 பவுண்டு அங்கேயே போய்விடுகிறது. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் ஒரு 100 பவுண்டு, நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு 600 பவுண்டு என்று கூட்டினால் 1,600 வந்துவிடும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று அலங்காரம் கூடிய, ‘அரை டன்’ என்று அழைக்கப்படும் சாதாரண ரகப் பிக்கப் ட்ரக்குகள் பலவற்றின் ஸ்டிக்கரில் அதைவிடக் குறைவான எண்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டுக் கடனைப் பற்றி வாய் திறக்காத கல்யாணத் தரகரைப் போல, விற்பனையாளர் 13,000 என்பதைச் சொல்கிறாரே ஒழிய, அந்தக் கதவைத் தானாகத் திறந்து காட்டுவதில்லை. ஆனால் இதையாவது நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எஞ்சினின் உள்ளே இருப்பதை எப்படிக் கணக்குப் போடுவது?

நான் வாழும் டென்வரைச் சுற்றியுள்ள நம்மவர்களிடம் யோசனை கேட்டால், எதிர்பார்த்த பதில் உடனே கிடைக்கும். “டொயோட்டா வாங்கிடுங்க, கண்ணை மூடிட்டு ஓட்டலாம்.” 2007 முதல் 2021 வரை டொயோட்டாவின் டன்ட்ரா ட்ரக்கில் வந்த 5.7 லிட்டர் வி8 எஞ்சினைப் பொறுத்தவரை அது நியாயமான பேச்சுதான். பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தாலும் சொன்ன வேலையைச் செய்த எஞ்சின் அது. 2022இல் அதை நிறுத்திவிட்டு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இரட்டை டர்போ பொருத்திய வி6 எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். தயாரிப்பின்போது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்கள், எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கைப் பாழாக்கி, ஓடும்போதே எஞ்சினை நிறுத்திவிடக்கூடும் என்று 2024 மே மாதத்தில் சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அத்தோடு முடியவில்லை, 2025 நவம்பரில் மேலும் சுமார் 1,27,000 வண்டிகளை அதே காரணத்துக்காக அழைத்தார்கள். நம்பகத்தன்மை என்ற ஒற்றைச் சொல்லை வைத்துத் தலைமுறைகளாகத் தொழில் நடத்திய நிறுவனமே துகளைத் துடைக்காமல் எஞ்சினை மூடி அனுப்புகிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்குவது?

ஜெனரல் மோட்டார்ஸ் கதை இதைவிட வயிற்றெரிச்சல். அவர்களுடைய 6.2 லிட்டர் வி8, இழுவைக்கென்றே கூடுதல் பணம் கொடுத்து வாங்கப்படும் எஞ்சின். 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் கனெக்டிங் ராடு, கிராங்க்‌ஷாஃப்ட், பேரிங் ஆகியவற்றில் குறைபாடு இருப்பதாகக் கூறி, 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சோதனையில் தேறாத வண்டிக்கு எஞ்சினைப் பழுதுபார்த்தோ மாற்றியோ தருவார்கள். தேறிய வண்டிக்கு என்ன செய்வார்கள் என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள்: 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதிலாகக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயிலை ஊற்றுவார்கள், ஆயில் ஃபில்டரை மாற்றுவார்கள், புதிய ஆயிலின் பெயர் பொறித்த மூடி ஒன்றைப் போடுவார்கள், கையேட்டில் செருகிக்கொள்ள ஒரு தாளைத் தருவார்கள். எண்பதாயிரம் டாலர் கொடுத்து வாங்கியவனுக்குக் கிடைக்கும் பரிகாரம் ஒரு மூடியும் ஒரு தாளும். இதே எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்றால், முதல் நாளே அதை ஊற்றி விற்பதற்கு யார் தடை? எரிபொருள் சிக்கனக் கணக்கில் அரைக்கால் வீதம் குறைந்துவிடும் என்பதைத் தவிர வேறு என்ன காரணத்தை நான் கற்பனை செய்துகொள்வது?

அந்தச் சிக்கனக் கணக்குதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சீரழிவின் வேர். அரசு விதிக்கும் சராசரி மைலேஜ் இலக்கை எட்டுவதற்காக, பாரமில்லாமல் ஓடும்போது சில சிலிண்டர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை வி8 எஞ்சின்களில் நுழைத்தார்கள். வால்வுகளைத் தூக்கித் திறப்பதற்கு அதற்கென்று தனி வடிவத்தில் செய்த லிஃப்டர்கள் ஆயில் அழுத்தத்தால் இயங்குகின்றன; அவற்றில் ஒன்று சிக்கிக்கொண்டால் அவற்றை உந்தும் தண்டான கேம்ஷாஃப்டையும் சேர்த்துத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் எஞ்சினில் இந்த நோய் எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த ஒன்று. 2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது அதே நிறுவனம் சில ட்ரக்குகளை இந்த ஏற்பாடு இல்லாமலேயே விற்றது. அதனால் மைலேஜ் ஒரு கேலனுக்கு 1 மைல் குறையும் என்று அவர்களே சொன்னார்கள். ஒரே ஒரு மைல்! அந்த ஒரு மைலுக்காக, மலையேற்றத்தில் டிரெய்லரோடு நான் நடுவழியில் நிற்க வேண்டுமாம். டிரெய்லர் இழுக்கும்போது எட்டு சிலிண்டரும் உழைத்தே தீர வேண்டும் என்பதால் அந்தச் சிக்கனம்கூட எனக்குக் கிடைக்கப் போவதில்லை. உடைந்துபோகும் உறுப்பு மட்டும் என் பங்குக்கு வரும். இந்த ஏற்பாட்டை முடக்குவதற்கென்றே வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி துளையில் செருகும் ஒரு கருவியைத் தனியாக விற்கிறார்கள், அதை வாங்கவும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ராம் நிறுவனத்தின் 5.7 லிட்டர் ஹெமியிலும் இதே சிலிண்டர் நிறுத்தமும் இதே லிஃப்டர் தொல்லையும் உண்டு. 2025 மாடலில் 1500 ட்ரக்கிலிருந்து ஹெமியைத் தூக்கிவிட்டு இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தந்தவர்கள், வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலில் 2026 மாடலுக்கு அதையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். எது நீடித்து உழைக்கும் என்பதில் தயாரித்தவர்களுக்கே உறுதி இல்லாதபோது எனக்கு எங்கிருந்து வரும்?

ஃபோர்டின் 3.5 லிட்டர் இக்கோபூஸ்ட் என்ற டர்போ எஞ்சினை நான் எளிதில் ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் நான் வாழும் ஊரின் உயரம். டர்போ இல்லாத எஞ்சின், கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் தன் சக்தியில் சுமார் 3 சதவீதத்தை இழக்கிறது. டென்வரே 5,280 அடியில் இருக்கிறது. மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே. விளம்பரத்தில் 400 குதிரைத்திறன் என்று மார்தட்டிய வி8, அந்த உயரத்தில் 270 அளவுக்குச் சுருங்கிவிடும். டர்போ எஞ்சின் அங்கே அவ்வளவு வாடுவதில்லை. ஆனால் எட்டடி அகலமும் பத்தடிக்கு மேல் உயரமும் கொண்ட டிரெய்லர் காற்றைச் சுவர்போல எதிர்த்துக்கொண்டு வருவதால், அந்தச் சிறிய எஞ்சினின் டர்போக்களுக்குச் சமவெளியில்கூட ஓய்வே கிடையாது. போதாக்குறைக்கு, 2017 முதல் 2020 வரை வந்த இந்த எஞ்சின்களில், காலையில் வண்டியைக் கிளப்பியதும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் கேம் ஃபேஸர்கள் கடகடவென்று சத்தமிடும் கோளாறு இருந்தது. முதலில் கணினி நிரலை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு காலக்கெடு வைத்து உறுப்பை மாற்றித் தந்தார்கள். கெடு தாண்டியபின் சத்தம் வந்தவன் தன் தலையெழுத்தை நொந்துகொள்ள வேண்டியதுதான்.

“அப்படியானால் டீசலுக்குப் போங்கள்” என்று தோளைத் தட்டுகிறவர்களுக்கு என் பதில் கொஞ்சம் நீளமானது. டீசல் எஞ்சினின் இழுவையிலும், இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் எனக்கு மறுப்பே இல்லை. ஐ-70இன் 7 சதவீதச் சரிவில் அதன் அருமை தெரியும். ஆனால் அந்த எஞ்சினோடு சேர்ந்து வருவது என்ன? புகையை வடிகட்டும் டிபிஎஃப், தனித் தொட்டியில் ஊற்ற வேண்டிய யூரியாத் திரவம், அதன் சென்சார், ஹீட்டர் என்று ஒரு சிறு ரசாயனத் தொழிற்சாலையே வண்டியின் வயிற்றில் இருக்கிறது. அதிலுள்ள ஒரு சென்சார் முகம் சுளித்தால், எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாஷ் நிறுவனத்தின் சிபி4 எரிபொருள் பம்ப் கதையைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். எரிபொருளின் வழவழப்பைச் சோதிக்கும்போது ஏற்படும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்கிறது ஐரோப்பிய டீசலுக்கான தரநெறி. அமெரிக்கத் தரநெறியோ 520 வரை அனுமதிக்கிறது. அந்த வறண்ட டீசலில் இந்த பம்ப் தேய்ந்து உடையும்போது, இரும்புத் தூளை, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரைக்கும் அனுப்பிவிட்டுத்தான் சாகும். பிறகு எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். வாரண்டி முடிந்திருந்தால் பத்தாயிரம் டாலருக்குப் பக்கத்தில் பழுத்துவிடும். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆண்டுகளில் இதைப் பொருத்தினார்கள். ராம் மட்டும் வெகு சீக்கிரம் பின்வாங்கி, அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய சிபி3 பம்பைப் பொருத்தியது.

இத்தனைக்கும் நடுவில் வங்கிக்காரர் 84 மாதக் கடனை நீட்டுகிறார். எஞ்சினுக்கான வாரண்டியோ பெரும்பாலும் 5 ஆண்டு அல்லது 60,000 மைல், எது முந்துகிறதோ அது. ஏழாண்டு தவணை கட்ட வேண்டிய பொருளுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பொறுப்பேற்க மாட்டேன் என்று தயாரித்தவரே சொல்வதை நாம் எல்லோரும் இயல்பான ஒன்றாக ஏற்றுக்கொண்டிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவும் அலசியபின் நான் விரும்புவது அதிநவீன எஞ்சினை அல்ல. ஃபோர்டு தன் கனரக ட்ரக்குகளுக்கென்று 2020இல் கொண்டுவந்த 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 இருக்கிறது: வார்ப்பிரும்பு பிளாக், டர்போ கிடையாது, சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் கனரக ட்ரக்கில் வரும் 6.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஏறக்குறைய அதே குணம் கொண்டது. அந்த வகுப்பு வண்டிகள் வேறு விதமான எடைப் பிரிவில் வருவதால், மைலேஜ் ஸ்டிக்கருக்காக எஞ்சினைச் சித்திரவதை செய்ய வேண்டிய அவசரம் அங்கே குறைவு. சுரங்கப்பாதை ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும் என்பதும், வலது ஓரமாக லாரிகளோடு சேர்ந்து நகர வேண்டியிருக்கும் என்பதும், வெறும் வண்டியாக ஓட்டும்போது ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டுக்குத் தெரியும் என்பதும், பெட்ரோல் பங்குக்காரர் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் சம்மதம்.

சம்மதித்தால் மட்டும் வண்டி கிடைத்துவிடுகிறதா? நான் ஏறி இறங்கிய விற்பனையகங்களில் வரிசையாக நிற்பவை எல்லாம் டீசல்கள்தான், ஏனென்றால் அந்த எஞ்சினுக்கு மட்டும் பத்தாயிரம் டாலர் அளவுக்குக் கூடுதலாகக் கறக்கலாம். பெட்ரோல் எஞ்சின் போட்ட, ‘முக்கால் டன்’ எனப்படும் அந்தக் கனரக ட்ரக் வேண்டும் என்றால், வேலைக்காரர்கள் வாங்கும் வெள்ளை வண்டி, துணி இருக்கை, நான்கு பேர் கால் நீட்ட இடமில்லாத சிறிய கேபின். குடும்பத்தோடு அமரக்கூடிய கேபினில் அதே எஞ்சின் வேண்டுமென்றால் முன்பணம் கட்டி ஆர்டர் செய்ய வேண்டுமாம். எப்போது வரும் என்று கேட்டதற்கு, தொழிற்சாலை தேதி எதுவும் சொல்லவில்லை என்றும், அதற்குள் விலை ஏறினால் அதுவும் என் தலையில்தான் விழும் என்றும், இதையெல்லாம் தவிர்க்க வேண்டுமானால் வாசலில் நிற்கும் டீசலை இன்றைக்கே எடுத்துச் செல்லலாம் என்றும் கடைசியாகப் பார்த்த விற்பனையாளர் சிரித்த முகத்தோடு சொன்னார்.