டிரைவில் ஏற்றிய கோப்பு கூகுள் தேடலில் வந்துவிடுமா? உண்மை என்ன?

"கூகுள் டிரைவில் ஏற்றும் ஆபீஸ் ஃபைல்கள் எல்லாம் கூகுள் தேடலில் வரும், உரிமையும் கூகுளுக்கே போய்விடும், உடனே அழியுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

உரிமை பற்றி: உங்கள் உள்ளடக்கம் உங்களுடையதாகவே இருக்கும் என்று கூகுளின் சேவை விதிமுறைகளே சொல்கின்றன. அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

தேடலில் வருமா என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். தனிக் கணக்கில் புதிதாக ஏற்றும் கோப்பை, ஏற்றியவர் மட்டுமே திறக்க முடியும். ஏற்கெனவே பகிரப்பட்ட ஃபோல்டருக்குள் போட்டால் மட்டும், அந்த ஃபோல்டரைப் பார்க்கும் எல்லோருக்கும் அதுவும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கோப்பைத் திறந்து 'ஷேர்' பொத்தானை அழுத்துங்கள். 'ரெஸ்ட்ரிக்டட்' என்றிருந்தால், பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே பார்க்க முடியும். 'எனிஒன் வித் த லிங்க்' என்றிருந்தால், இணைப்பு கையில் கிடைத்த எவரும் திறக்கலாம். அந்த இணைப்பைப் பொது இணையதளத்தில் போட்டால் தேடலிலும் சிக்க வாய்ப்புண்டு. சம்பளப் பட்டியல், ஒப்பந்தம் போன்றவற்றுக்கு இந்த அமைப்பு வேண்டவே வேண்டாம். நிறுவனக் கணக்கு என்றால், வெளியாட்களுக்குப் பகிர்வதையே அட்மின் தடுத்து வைக்கலாம்.

செய்தியை நம்பி அழிப்பதுதான் உண்மையான ஆபத்து. கோப்பின் உரிமையாளர் அழித்தால், அது 30 நாள் டிராஷில் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். கூட வேலை செய்பவர்களும் அதை இழப்பார்கள். அழித்துவிட்டீர்கள் என்றால் இப்போதே டிராஷில் பாருங்கள்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.